கஞ்சி எனக்கு, மீன்குழம்பு அவருக்கு

கணவருக்குப் பத்தியம் வைத்திருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிச் சரக்கைச் சரிபார்க்கும் குமாஸ்தா. கனத்த உடம்பு. இளைக்காவிட்டால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். பயந்துபோய் வீட்டில் சோற்றை நிறுத்தினேன். மத்தியானத்துக்கும் தூக்குவாளியில் கேழ்வரகுக் கஞ்சிதான். அவர் கஞ்சி குடிக்க நான் சோறு தின்பதா என்று நானும் கஞ்சியே குடித்தேன். மாதங்கள் போயின. தொளதொளத்த என் ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தேன். அவர் சட்டைக்கோ தெறித்த பொத்தான்களைத் தைத்தேன்.

ஒருநாள் தோணியிலிருந்து பலகையில் இறங்கும்போது மூச்சு முட்டிக் கடலில் விழுந்துவிட்டார். தோணித் தலைவரான தண்டல் குதித்துத் தூக்கி, வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“வெறுங்கஞ்சி குடிக்கிற உடம்பாச்சே!” என்று அழுதேன்.

தண்டல் விழித்தார். “நீங்க குடுத்துவிடுத கஞ்சிய எங்க ஆளுகளுக்குக் குடுத்துருவாக தாயி. அண்ணாச்சி எங்க மீன்குழம்பும் சோறும்லா சாப்பிடுதாக!”

“பயணம் போற தோணியில கை நனைக்காம எறங்கக் கூடாதுல்லா? வழக்கத்தை மீறலாமா?” என்று முனகினார் கணவர்.

“ஒரு வாய் சாப்பிட்டாப் போதும், அதான் வழக்கம். நீங்க தோணிக்குத் தோணி சட்டியை வழிச்சிட்டீகளே அண்ணாச்சி!”

கோபம் பொங்கியது. ஆனால் மீன்குழம்பு வாசனைக்கு நானும் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்!

இப்போது டாக்டரைக் கேட்டு, அளவாகச் சோறும் குழம்பும் நானே கட்டிக் கொடுக்கிறேன். தோணியில் ஒரு வாயோடு எழுந்துவிடுகிறார். நானும் சோறே சாப்பிடுகிறேன். போன வாரம் அவர் சட்டையைப் பிடித்துத் தைத்தேன். என் ரவிக்கைத் தையலைப் பிரித்துவிட்டேன்.