கதவுக்கு வெளியே பழக்கூடை

நஞ்சம்மா அக்காவோடு ஒரே அறையில் இரண்டு நாள் தங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பெரிய ஓட்டலில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

நான் சுஜாதா. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கரில் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கிறேன். அக்கா அங்கே மேஸ்திரி. அவருக்குக் கீழே பதினோரு பெண்கள். பேருக்குத்தான் நான் முதலாளி, பூ அவர் பேச்சைத்தான் கேட்கும். வெட்டிய பூவை வைக்கும் கூல் ரூமுக்குள் தின்கிற பொருள் எதுவும் நுழையக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். டிபன் பாக்ஸ், பழம் எல்லாம் கதவுக்கு வெளியே. கையில் கொய்யாவோடு உள்ளே போய் நானே திட்டு வாங்கியிருக்கிறேன்.

மைசூரில் அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் ராஜா காலத்து ஓட்டல் ஒன்று. இரண்டு வருடமாக எங்கள் பூவில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. போன மாதம் திடீரென்று புகார் வந்தது. அறையில் வைத்த மறுநாளே இதழ் கொட்டுகிறதாம். மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். நீங்களே வந்து இரண்டு நாள் தங்கிப் பாருங்கள், அப்போதும் இப்படியே என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அந்த ஆர்டர் போனால் ஆறு பெண்களையாவது வேலையை விட்டு நிறுத்த வேண்டும். அக்காவோடு வண்டியில் போகும்போது நான் அந்த ஆறு பேர் யார் யார் என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டே போனேன். அதே வண்டியின் பின்பக்கத்தில் அன்றைய பூவும் வந்தது.

தேக்குப் படிக்கட்டு, பித்தளைக் கைப்பிடி, அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் கூரை. செருப்பை எங்கே கழற்றி விடுவது என்று நான் தேடினேன். அக்கா நேரே நடந்துபோய்க் கூரையைப் பார்த்தார்.

"இவ்ளோ ஒசரத்துல ஒட்டடை யாரும்மா அடிக்கிறாங்க? ஒரு நூலு இல்ல பாரு. கெட்டிக்காரங்கதான்."

அறை மேசையில் நாங்கள் கொண்டுவந்த ரோஜா. ஒட்டினாற்போல் ஒரு பழக்கூடை, நன்றாகக் கனிந்த வாழையும் மாம்பழமும். அக்கா கூடையைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, இது ஓட்டலு! நம்ம கூல் ரூமா?"

"பூ இருக்குதில்ல? அப்புறம் என்ன?"

ஒரு மணி நேரத்தில் வேலைக்காரப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு கூடையைத் திரும்பக் கொண்டுவந்தாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் போனதும் கூடை மறுபடி வெளியே. சாயங்காலம் இன்னும் பெரிய கூடை வந்தது, குறை இருந்தால் மன்னிக்கவும் என்று ஒரு அட்டையோடு. அதுவும் வெளியே போனது. எனக்கு மானம் போனது. ஆர்டரைக் காப்பாற்ற வந்த இடத்தில் கொடுத்ததையெல்லாம் வெளியே தள்ளுகிறீர்களே என்று எரிந்து விழுந்தேன்.  அக்கா அந்தப் பெரிய கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, சுகமாகத் தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை மேனேஜர் எதிர் அறைப் பூவை ஒரு தட்டில் எடுத்துவந்தார். பாதி காம்பு மொட்டையாக இருந்தது. நீட்டிய தட்டோடு எங்கள் மேசையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் பூ வைத்தது வைத்தபடி இருந்தது. உங்களுக்கு மட்டும் தனிப் பூவா என்று கேட்டார். 

அக்கா நிதானமாகக் கன்னடத்தில் ஆரம்பித்தார். இரண்டு அறையிலும் ஒரே பக்கெட் பூ, வைத்தது உங்கள் ஆட்கள், நாங்கள் தொடவில்லை; அங்கே பூவுக்குப் பக்கத்தில் பழம் இருந்தது, இங்கே இல்லை. இந்தப் பழம் எப்போதிலிருந்து? போன மாதத்திலிருந்து, புது ஏற்பாடு என்றார் மேனேஜர். கீழே வரவேற்பில் பழம் இல்லையே, அங்கே பூ எப்படி இருக்கிறது என்று கேட்டார் அக்கா. மேனேஜர் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஓர் இதழ்கூட உதிரவில்லையாம். முகத்தில் வெட்கமும் சிரிப்பும். அறையில் இனி வேறு மேசையில்கூடப் பழம் வைக்க மாட்டோம், கேட்டால் மட்டும் கொடுப்போம், பூ எப்போதும்போல் வரட்டும் என்றார்.

கனிந்த பழம் விடுகிற வாயுவில் பூ உதிரும் என்று நானும் தோட்டக்கலை வகுப்பில் படித்திருக்கிறேன். அதன் பெயர்கூடத் தெரியும். அந்த அறையில் எனக்கு ஞாபகம் வரவில்லை, அலங்காரத்தைப் பார்த்து மிரண்டுபோயிருந்தேன். அக்காவுக்கு அரண்மனையும் ஒன்றுதான், எங்கள் தகரக் கதவும் ஒன்றுதான். அவர் மேல் எரிந்து விழுந்ததற்கு வண்டியிலேயே மன்னிப்புக் கேட்டேன். "அத வுடும்மா" என்றார்.

மேனேஜர் இரண்டு கூடையையும் கட்டிக் கொடுத்திருந்தார். பாலிஹவுஸ் வாசலில் பதினோரு பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். எல்லார் கண்ணும் அக்கா மேல்.

"ஆர்டரு இருக்குது. யாரும் எங்கயும் போக வேணாம்" என்றார் அக்கா.  ஒரு முறை கனைத்துக்கொண்டார். "பழத்த இங்கயே தின்னுட்டு, கையக் கழுவிட்டு உள்ள வாங்க."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதி வாழைப்பழத்தோடு உள்ளே கால் வைத்தேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். நான் வெளியே வந்து, நின்று, முழுப் பழத்தையும் தின்று முடித்தேன்.