காகிதம் என்று சொன்ன கட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் பினாங்கிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பும்போது, கணவரின் பங்காளி ஒருவர் தம் காரைக்குடிக் கடையில் சேர்க்கும்படி ஒரு கட்டைக் கொடுத்தார். "வெறும் காகிதந்தான் ஆச்சி. சுங்கத்துல கேட்டா அப்படியே சொல்லிருங்க" என்றார். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் நானும் அப்படியே சொன்னேன்.

அதிகாரி கட்டைப் பிரித்தார். உள்ளே, ஒருமுறை உடுத்தித் தூக்கி எறியும் காகிதக் கவுன்கள், அடுக்கடுக்காக.

"உடம்புல மாட்டினா இது உடுப்பு. இதுக்குத் தீர்வை வேற. காகிதம்னு ஏன் பொய் சொன்னீங்க?" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினார்.

காகிதந்தான் என்று நிரூபிக்க, ஆத்திரத்தில் ஒன்றை எடுத்துக் கிழித்துக் காட்டப் போனேன். உள்ளே நைலான் நூல் ஓடியது, கிழியவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் ரயிலுக்குப் போய்விட்டார்கள். வழக்குப் போடுவார்களோ என்று பயந்து, கொடுத்தவர் பெயரையும் கடை விலாசத்தையும் சொல்லிவிட்டேன். கட்டைப் பறிமுதல் செய்துகொண்டு என்னை விட்டார்கள்.

பொங்கலுக்குப் பினாங்கிலிருந்து ஊருக்கு வந்த அந்தப் பங்காளி எங்கள் வாசலில் நின்று கத்தினார். "எம் பேரைச் சொல்லிட்டீகளே, நீங்கள்லாம் ஒரு சொந்தமா?"

"ஒங்க சரக்குக்கு எம் பேரையா சொல்லச் சொல்றீக?" என்றேன்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. இப்போது யார் கட்டைக் கொடுத்தாலும் அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்க்கிறேன். பிரிக்கக் கூடாது என்பவர்கள் தாங்களே கப்பலேறிக் கொண்டுபோகட்டும்.