நீலம் நல்லதா, கெட்டதா?

தென்காசி லேடி டாக்டர் ஒரு காகிதக் குச்சியை நாங்கள் கொண்டுபோன புட்டிக்குள் முக்கி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அதன் நுனி நீலமாக மாறியது. பக்கத்தில் நின்ற என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நீலந்தானே டாக்டரம்மா? அப்போ ஒண்ணும் இல்லல்லா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அதுவரை மூத்திரத்தை நீல மருந்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சித்தான் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறம் வந்தால் தொலைந்தது. ஊருக்கே தெரிந்த கணக்கு அது.

"இது புதுக் குச்சி. இதுல நீலம் வந்தாத்தான் சர்க்கரை," என்றார் டாக்டர். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதிலிருந்து, இதுவாவது தங்க வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். பிறகு எப்படிச் சர்க்கரை? என் உடம்பை நம்புவதா, குச்சியை நம்புவதா? ஒரே குழப்பம்.

மாமியாருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

"எங்க வீட்டுல யாருக்கும் இந்தச் சீக்கு கெடையாது. உங்க வீட்டுல மறைச்சிட்டாவ. கொல்லையில ஒண்ணுக்குப் போற மறைப்பு ஓரமா எறும்பு சாரைசாரையா போவுது, நானும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எறும்பு போனது உண்மை.

மறுவாரம் கிளம்புகிற அன்று புட்டியை வெந்நீர் விட்டு அலசி, கிணற்றுச் சுவரில் கவிழ்த்துவைத்தேன். திரும்பி வந்தால், கழற்றிவைத்த கார்க்கை எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. எடுத்து முகர்ந்தேன். தேன்!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் ஊர்ப்பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மலைத்தேன் புட்டி வந்துவிடும். தேன் தீர்ந்தால் கழுவி எண்ணெய் ஊற்றுவோம், கஷாயம் ஊற்றுவோம், டாக்டர் கேட்டால் இதையும் ஊற்றுவோம். புட்டியைக் கழுவினோம் சரி, கார்க்கு குடித்து வைத்திருந்த தேனை யார் கழுவினார்கள்?

அதே புட்டியில் வெறும் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, அதே கார்க்கால் அடைத்து எடுத்துப்போனேன். குச்சி நீலமானது. "உங்க கெணத்துக்கும் சர்க்கரை போல," என்று டாக்டர் சிரித்தார். கூச்சத்தை விட்டு அங்கேயே சுத்தமான கிளாசில் பிடித்துக் கொடுத்தேன். புதுக் குச்சி நிறம் மாறாமல் போட்டது போட்டபடியே இருந்தது. அந்த அறையிலேயே அழுதுவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மாமியார், "சனியன் புடிச்ச கார்க்கு!" என்று அதை அடுப்பில் எறிந்தார். விவகாரம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

காலையில் கொல்லைக்குப் போனால் மறைப்பு ஓரம் எறும்பு போய்க்கொண்டுதான் இருந்தது. அங்கே தேன் ஏது? எனக்கோ சர்க்கரை இல்லை. என் கணவர் விடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போகிறவர். அந்த மறைப்புக்குள் போவது நானும் மாமியாரும் மட்டுந்தான்.

மாமியார் படுக்கும்போது ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதும், காலில் முள் குத்திய புண் ஆறாமல் கிடப்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'இப்போ யார் வீட்டுச் சீக்கு?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் விளக்குமாற்றோடு வந்தவர் அந்தச் சாரையைப் பார்த்தபடி நின்ற நிலையைப் பார்த்ததும் வேறொன்றைத்தான் சொன்னேன்.

"அத்தை, நீங்களும் ஒருதரம் டாக்டரம்மாகிட்ட காட்டிருங்களேன்."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்தார். அங்கே சுத்தமான கிளாசில்தான் பார்த்தார்கள். குச்சி நுனி மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூடாது, கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது.

மாமியாருக்குப் பழைய கணக்குதான் பழக்கம். என் முழங்கையைத் தொட்டு, சின்னக் குரலில் கேட்டார்:

"நீலந்தானட்டி? நல்லதுதானே?"