இடப்பக்கத்து வார்

போன கிழமை காத்தான்குடியில் ஒரு பெல்ட் வாங்கினேன். என் வயிற்றின் வளர்ச்சியைப் பார்த்த கடைக்காரர், நுனிப்பக்கம் இன்னுமோர் ஓட்டை போட்டுத் தருவதாகச் சொன்னார். துளைக்கிற கருவியை அவர் அழுத்தியதும் புதுத்தோல் வாசனை குப்பென்று வந்தது. வேறொருவருக்குச் சப்பாத்துக் கடை ஞாபகம் வந்திருக்கும். எனக்குச் சுகந்தி ஞாபகம் வந்தாள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வளைகுடாவில் ஒரு செல்வந்தரின் லாயத்தில் மூன்று வருடம் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பெரிய தகுதியை வைத்துக்கொண்டு, மட்டக்களப்பு வாவிக்கரையில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலில் குதிரைப் பொறுப்பாளராகச் சேர்ந்துவிட்டேன். லண்டனிலிருந்து திரும்பிய முதலாளிக்குக் குதிரையென்றால் பித்து. நான்கு வைத்திருந்தார். மூன்று, உல்லாசப் பயணிகளைச் சுமந்து கரையோரம் நடக்கும். நாலாவது மல்லி என்கிற சாம்பல் நிறப் பெண்குதிரை. அதை டிரெஸாஜுக்குப் பழக்கியிருந்தார்கள். ஓட்டப் பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். குதிரையும் ஆளும் ஒரே உடம்பாக வட்டம் சுற்றுவது, திரும்புவது, அசையாமல் நிற்பது, அவ்வளவுதான். ஏறியிருப்பவர் ஒரு விரற்கடை சரிந்தாலும் குதிரைக்குத் தெரிந்துவிடும்.

சுகந்தி ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தவள். மண்டூர்க்காரி. சின்ன வயதில் உழவு மெஷினிலிருந்து விழுந்து இடக்கால் முறிந்ததில் கொஞ்சம் சாய்ந்து நடப்பாள். வேலை முடிந்ததும் லாயத்துக்கு வந்து மல்லிக்குக் கரட் கொடுப்பாள். ஒருநாள், "நானும் ஏறிப் பாக்கட்டா?" என்றாள். ஏறினாள். ஆறே மாதத்தில், முதலாளி தன் தேநீரை ஆறவிட்டு நின்று பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டாள். கடிவாளத்தை அவள் பிடிப்பதே தெரியாது. மல்லிக்கு மட்டும் தெரியும்.

ஒரேயொரு குறை. இடப்பக்கம் சரிவாள்.

இந்தச் சவாரியில் அங்கவடி, அதுதான் கால் வைக்கிற இரும்பு வளையம், சற்று நீளமாகத் தொங்க வேண்டும். குட்டையாக இருந்தால் கதிரையில் இருப்பதுபோல முழங்கால் மேலே வந்துவிடும். மிஞ்சி நீண்டால் கால்விரலால் எட்டித் தேட வேண்டியிருக்கும். அங்கவடி தொங்கும் தோல்வாரில் வரிசையாக ஓட்டைகள் உண்டு. நான் எண்ணி, இரண்டு பக்கமும் ஏழாம் ஓட்டையில் மாட்டிவிடுவேன். நிபுணரல்லவா!

"அண்ணன், இடப்பக்கம் எட்டுதில்ல" என்பாள் சுகந்தி.

"ரெண்டு பக்கமும் ஏழுதான் புள்ள. கால் குட்டையெண்டா வார் என்ன செய்யும்? நீங்கதான் நீட்டணும்."

அவளுடைய கால் முறிந்த நாளிலிருந்து எல்லோரும் சொன்னதைத்தானே நானும் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வாய் கூசுகிறது.

கொழும்பிலிருந்து சவாரிக்காரர்கள் சிலர் வந்து, எங்கள் ஹோட்டலிலேயே சிறு போட்டியொன்று நடத்துவதாக ஏற்பாடாயிற்று. முதலாளி சுகந்தியைக் கூப்பிட்டார். "சரிஞ்சு இரிக்கிற ஆள மல்லியில விட ஏலா. குதிரைட முதுகு பழுதாப் போயிரும். வெள்ளிக்கிழமைக்குள்ள நிமிராட்டி வேற ஆள் ஏறட்டும்." அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் குதிரைக்காகப் பேசினார்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு முன்னமே வந்தாள். அங்கவடி இரண்டையும் வாரோடு கழற்றச் சொன்னாள். கால்களைத் தொங்கவிட்டபடி, பிடிமானம் ஒன்றுமில்லாமல் மல்லியைத் துள்ளுநடையில் விட்டாள். எலும்பெல்லாம் குலுங்கியிருக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் சரியவேயில்லை. தென்னைமரம் மாதிரி நேராக இருந்தாள்.

இறங்கியவள், கழற்றிய வார்கள் இரண்டையும் எடுத்துச் சீமெந்துத் தரையில் அருகருகே விரித்தாள்.

"இஞ்ச வந்து பாருங்க அண்ணன்."

குனிந்து பார்த்தேன். இடப்பக்கத்து வார் ஒரு பெருவிரல் அகலம் நீண்டு கிடந்தது. குதிரையில் எல்லோரும் இடப்பக்கத்தால்தான் ஏறுவார்கள். ஆளின் முழுப் பாரமும் அந்த ஒரு வாரில்தான் விழும். அந்த வார்களோ முன்பு உல்லாசப் பயணிகளின் சேணத்தில் கிடந்தவை. எத்தனை கனத்த மனிதர்கள்! தோல் இழுபட்டு, ஓட்டைகளும் கூடவே கீழே இறங்கியிருந்தன. எண்ணிக்கை ஏழுதான், நீளம்தான் வேறு.

"அப்ப என்ட கால்ல குத்தம் இல்ல." அதை அவள் எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

"மன்னிச்சிருங்க புள்ள" என்றேன்.

"முதல்ல ஓட்டையப் போடுங்க" என்று சிரித்தாள். அவளே ஏறியிருந்து கால்களைத் தளரவிட்டு, அங்கவடியின் அடி இரண்டு கணுக்கால் எலும்பிலும் சரியாகப் படுகிற இடத்தைக் காட்டினாள். அந்த அளவுக்கு இடப்பக்கத்து வாரில் நான் புது ஓட்டை போட்டேன். வெள்ளிக்கிழமை முதலாளி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

போட்டியில் முதலிடம் கொழும்புப் பெண் ஒருத்திக்கு. சுகந்திக்கு மூன்றாமிடம். புள்ளித்தாளின் அடியில் நடுவர் எழுதியிருந்ததை முதலாளி தமிழில் வாசித்தார்: "மிக நேரான இருக்கை." இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். முறிவுக்குப் பிறகு அவளுடைய இடக் கணுக்கால் மடங்காதபடியால் சாய்ந்த நடை போகவில்லை. ஆனால் யாராவது குட்டைக்கால் என்றால், அதற்குப் பிறகு நின்று திருத்திவிட்டுத்தான் போவாள். திருத்தப்பட்டவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருவர்.

ஹோட்டல் பின்பு கைமாறியது. மல்லி மலைநாட்டுத் தோட்டமொன்றுக்குப் போய் அங்கேயே செத்துவிட்டதாகக் கேள்வி. சுகந்தி கல்யாணம் முடித்து ஆஸ்திரேலியா போனாள். நாங்கள் மணல் கொட்டி மட்டமாக்கிய சவாரித்திடலில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. அண்மையில் ஒரு பந்தியில் அங்கே இருந்தபோது, மனம் கேளாமல் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன்: இதே இடத்தில்தான் மண்டூர்ப் பெண்ணொருத்தி குதிரையைத் தாளம் தவறாமல் நடத்திக் காட்டினாள்.

"மட்டக்களப்பிலயா? சும்மா கதைக்காதீங்க" என்றுவிட்டு அவர் பாயாசத்துக்குக் கை காட்டினார்.