அடுத்த வரியில் இருமல்

அப்பாவின் கைகளை வெள்ளைத் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியபோது அங்கே அம்மா இருந்தாள், ஒரு நர்ஸ் இருந்தாள், ஆண் ஊழியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் இல்லை. கீழே கேன்டீனில் இட்லிக்கு நின்றுகொண்டிருந்தேன். என் கையெழுத்து மட்டும் அவர் கால்மாட்டில், படிவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் பாறை துளைத்தவர் அப்பா. அந்தத் தூசிதான் நெஞ்சில் இருமலாகத் தங்கிவிட்டது. அது கிளம்புவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "பர்ஸ்ட் வருதுடா" என்பார். பூமிக்கடியில் பாறை வெடித்துச் சிதறுவதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. உடனே எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்வார். அப்படி உட்கார்ந்தால்தான் மூச்சு திரும்பும். கண் பிதுங்கும், கழுத்து நரம்பு கயிறாக முறுக்கும், கட்டில் போய்ச் சுவரில் இடிக்கும்.

இதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பெங்களூரு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, படிவத்தில் எழுத 'பேட்' போதவில்லை. 'சிவியர்' எல்லோரும் எழுதுவது. போனில் அகராதியைப் பார்த்தேன். அடக்க முடியாத வேகத்தோடு வரும் புயலுக்கும் நடுக்கத்துக்கும் இருமலுக்கும் 'வயலென்ட்' என்று போடலாம் என்றிருந்தது. அர்த்தமும் சரி, உபயோகமும் சரி. பெருமையாகப் பெரிய எழுத்தில் எழுதினேன். இடம் போதாமல் 'இருமல்' என்பதற்கான சொல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்த நர்ஸ் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

"அவரு யாரையும் அடிக்கிறவரு இல்லீங்க" என்றாளாம் அம்மா.

"உங்க மகன்தாம்மா எழுதியிருக்காரு, வயலென்ட்னு."

கட்டி முடித்ததும் இருமல் கிளம்பியது. எழ முடியாமல் கையை வெட்டி இழுத்தார், உதைத்தார். ஒருவன் தோளை அமுக்கினான், இன்னொருவன் காலை. திமிறத் திமிற மணிக்கட்டுத் தோல் உரிந்து துணி சிவந்தது. நான் பொட்டலத்தோடு நுழைந்தபோது அப்பாவின் முகம் நீலம் பாரித்திருந்தது. தோளை அமுக்கியவனின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அதற்கு முன் யார்மேலும் கைநீட்டியதில்லை நான். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்த அம்மா நிமிர்ந்தாள். உதட்டில் அப்பாவின் ரத்தம்.

"இன்னாடா எழுதி வெச்ச?"

உட்கார வைத்ததும் மூச்சு திரும்பியது. விலா எலும்பு ஒன்று உடைந்திருந்தது. வெகுநேரம் கழித்து அப்பா கேட்டார்: "ஏன்டா, இங்கிலீஷ்ல நான் ரவுடியா?"

அதன்பின் ஐந்து மாதம் இருந்தார். இப்போதும் இங்கிலீஷ் மழைச் செய்தியில் 'வயலென்ட்' வந்தால்கூட என் கண் அவசரமாக அடுத்த வரிக்கு ஓடுகிறது.

ஆஸ்பத்திரி பில் என்னிடம் இருக்கிறது. ஆக்சிஜனுக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு வரி: கை கட்டும் துணி, இரண்டு, நூற்றெண்பது ரூபாய்.

நான்தான் கட்டினேன்.