பெயர் தைக்காத துணி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் ஓட்டுக் கேட்டு நிற்கவில்லை.

1974 ஜூலை. ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரக் கம்பெனி கைமாறியது. பங்களாச் சாமான்களைப் பட்டியல் எடுக்க, ஆபீஸ் கிளார்க்கான என்னை அழைத்துப் போனார் புது மானேஜர் குரியன் துரை. பைப்பைப் பற்ற வைக்க மட்டும் வராது. மற்றபடி முழுத் துரை.

உள்ளறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம். அதற்குள் நீளமான லினன் துணி. பட்டு நூலில் ஆங்கில எழுத்துகள், பூங்கொடிகள்.

"முன்னூறு வருஷம் பழசாக்கும், ராக்கப்பா," என்றார், தானே தைத்ததுபோல். "அன்னு இங்கிலீஷ் பெண்குட்டிகள் தையல் படிச்சது இதிலாக்கும். கடைசி வரியில் பேரு தைக்கணும். அதுவரை இருந்த இடம் விட்டு எழக்கூடாது. இதைச் செய்தவள் பேரு தைக்கவில்லை. ஆ, பட்டியலில் ஒரு கட்டமும் காலி விடாதே!"

ஜீப்பில் போய்விட்டார்.

அந்தத் துணி, சாமான் எண் 41. 'செய்தவர் பெயர்' என்று ஒரு கட்டம். முன்னூறு வருடத்துக்கு முந்தைய பெண்ணை எங்கே போய்க் கேட்பது? துரை எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவர் அல்ல. என் பெயரை எழுதினேன்.

மணி மூன்று பத்து. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காற்றே இல்லை.

இழுத்தேன். அசையவில்லை.

ப்ளக்... சர்ர்ர்...

விறைத்த துணியில் ஊசி குத்தி, நூல் இழுபடும் சத்தம். சட்டத்துக்குள்ளிருந்து.

வெறுமையாக இருந்த கடைசி வரியில் ஓர் ஆங்கில எழுத்து. 'ஆர்'. என் பெயரின் முதலெழுத்து.

"மூக்கம்மா!" பங்களாச் சமையல்காரியைக் கூப்பிட்டுக் கதவைக் குத்தினேன்.

அவள் குரல் கேட்டது. "ஏன்யா இந்தக் கத்து கத்துறீக? கதவு தொறந்துதான கெடக்கு."

"பூட்டியிருக்கு! தள்ளு!"

"நான் ரூமுக்குள்ளதான்யா நிக்கேன்... நீங்க எங்க இருக்கீக?"

ப்ளக்... சர்ர்ர்...

இரண்டாம் எழுத்து.

மூன்று பதினேழு. வலது கால் தரையைவிட்டு எழவில்லை.

மூன்றாம் எழுத்து...

இடது காலும்.

பட்டியல் கையில் இருந்தது. என் பெயரை அடித்தேன். தாள் கிழியும்வரை அடித்தேன்.

சத்தம் நின்றது.

கதவு திறந்திருந்தது. ஒரு முழத் தூரத்தில் மூக்கம்மாள். "எங்கேருந்துய்யா குதிச்சீக?"

பட்டியலை டைப்பிஸ்ட் கபிரியேலின் மேசையில் போட்டுவிட்டு, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

திரும்பி வந்தபோது அவன் நாற்காலி காலி. வியாழக்கிழமை சாமான் சரிபார்க்கப் பங்களாவுக்குப் போனவன் வரவில்லையாம். அவன் டைப் அடித்த பட்டியலைப் பார்த்தேன். எண் 41. கட்டம் காலியாக இருக்கக் கூடாதே... தன் பெயரையே டைப் செய்திருந்தான்.

குரியன் துரைக்கு மட்டும் சந்தோஷம். துணியில் பெயர் இருக்கிறதாம். முன்பு அவர்தான் சரியாகப் பார்க்கவில்லையாம்.

மூக்கம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வியாழக்கெழம ஒரு வெள்ளக்காரப் புள்ள படியெறங்கிப் போச்சுய்யா. ரொம்ப நேரம் உக்காந்து எந்திரிச்ச மாதிரி... காலத் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்துச்சு."