வளையம் விழாத தட்டு

சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள் என் மருமகள். பாத்திர மூடி கிடைத்தாலும் அப்படித்தான். "தட்டுல சோத்தைத் தவிர என்னடி தேடற?" என்று கேட்டால், "பழக்கம் அத்தை" என்பாள். கேலி செய்தாலும் கோபம் வராது. எனக்கு அதுதான் எரிச்சல்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ரத்தம் கலந்த கூழை ஊற்றி உறையவைத்த சிவப்புத் தட்டில் நோயாளியின் சளியைத் தடவிக் கிருமி வளர்ப்பாள். மேலே மருந்து ஊறிய காகிதப் பொட்டுகள். மறுநாள் பொட்டைச் சுற்றிக் கிருமி இல்லாமல் அகலமாக வளையம் விழுந்திருந்தால் அந்த மருந்து கேட்கும். பொட்டுவரை முளைத்திருந்தால் கேட்காது. வீட்டுக்கு வந்தால் முழங்கைவரை சோப்பு போடாமல் பெற்ற பிள்ளையைக்கூடத் தொடமாட்டாள். கையுறை இல்லாமல் அந்தத் தட்டுகளைத் தொட்டதே இல்லை.

அவள் புருஷன், என் மகன், நெஞ்சுச்சளிக்குக் கொடுத்த மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டான். மறுபடி உடம்பு சுட்டபோது அவளுக்குத் தெரியாமல் மிச்சத்தில் ஒன்றிரண்டை விழுங்கினான், திரும்பவும் நிறுத்தினான். இப்போது மூச்சே குழாய் வழியாகத்தான். முதல் தடவை அவன் தட்டில் எல்லாப் பொட்டுக்கும் நல்ல வளையமாம்.

செத்த கிருமி செத்ததுதானே, பிறகு ஏன் மருந்து கேட்கவில்லை என்று விடாமல் நச்சரித்தேன். வார்டு வாசல் பெஞ்சில், ஆறிப்போன டீயோடு சொன்னாள்.

"செத்தது உடைஞ்சு, உள்ள இருக்கற மரபணு நூல் வெளிய சிதறும் அத்தை. பக்கத்துல உயிரோட இருக்கறது அதை உள்ள இழுத்துத் தன் நூலோட சேத்துக்கும். தொண்டையில சாதுவா வேற கிருமிக் கூட்டம் ஒண்ணு இருக்கு. மருந்துக்குத் தப்பிக்கற வித்தை அதுங்க நூல்ல இருந்திருக்கணும். அரைகுறையா மருந்து பட்டா நோய்க்கிருமிங்க அதை இன்னும் வேகமா இழுக்கும்."

"பொணத்துகிட்டயா திருடுது?"

"அதுக்குத் திருட்டுன்னு எல்லாம் தெரியாது. பொழைக்கணும், அவ்வளவுதான்."

அன்றைக்கு என் மகனுடைய இரண்டாவது தட்டு. வேறு யாராவது பார்க்கட்டும் என்றார்கள் கூட வேலை செய்பவர்கள், மாட்டேன் என்றாள். என்னை உட்காரச் சொன்னார்கள். நானும் மாட்டேன் என்று பரிசோதனைக்கூடத்தின் கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றேன்.

கண்ணாடிக்கு மறுபக்கம் என் முகத்துக்கு எதிரேயே தூக்கினாள், சாய்த்தாள். பொட்டுகளை ஒட்டிக் கிருமி மண்டியிருந்தது என் கண்ணுக்கே தெரிந்தது. ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் மெல்லிய வளையம், நூல் அகலத்துக்கு. அளவுகோலை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

பிறகு தட்டை மூடினாள். வலது கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் புறங்கையை அந்த மூடியின் மேல் வைத்தாள், நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல.